ஸ்டீராய்டு மாத்திரையும் உடம்புச் சூடும்: நிறுத்துவதா, மாற்றுவதா, நேரத்தைத் தள்ளுவதா?

கம்பம் பள்ளத்தாக்கில் மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பழகிப்போன கோரிக்கை இது: “அண்ணே, இந்த மாத்திரை ரொம்பச் சூடு. ராத்திரியெல்லாம் காந்துது. சூடு இல்லாத கம்பெனியா பாத்துக் குடுங்க.” கையில் இருப்பது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. வைசோலோன், ஓம்னாகார்டில் என்ற பெயர்களில் வரும். கேட்பவர் ஏலத்தோட்டத்து ஈரத்தில் நின்று நின்று வீசிங் முற்றியவராக இருப்பார், இல்லை விரல் மூட்டெல்லாம் வீங்கிய சரவாங்கிக்காரராக இருப்பார். டாக்டர் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று எழுதியிருப்பார். இவர் பத்தாம் நாளே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

கம்பெனியை மாற்றுவதில் பயனில்லை. அட்டை மாறும், உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். ஆனால் வேறு சில வழிகள் நிஜமாகவே உண்டு. மாத்திரை போடும் நேரத்தை மாற்றலாம். வேறு ஸ்டீராய்டுக்குப் போகலாம். இன்ஹேலர், மூட்டு ஊசி என்று நோவுள்ள இடத்துக்கு மட்டும் மருந்தைக் கொடுக்கலாம். ஸ்டீராய்டின் தேவையையே குறைக்கும் இன்னொரு மருந்தைச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பொட்டலப் பொடிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன், டாக்டர் இல்லை. இதை வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேள்வி கேளுங்கள், நீங்களாக அளவை மாற்றாதீர்கள்.

முதலில் இந்தச் சூடு என்னவென்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை அதைப் போலவே வேலை செய்யும் செயற்கைச் சரக்கு. கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, பகலில் மெல்ல இறங்கி, நடுராத்திரியில் அடிமட்டத்துக்கு வரும். நாள் முழுக்கச் சுரப்பதைக் கூட்டினால் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமமாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருக்கும். 20 மி.கி. போடுகிறவர் உடம்பில் அதைப்போல நாலு மடங்குக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். உடம்புக்கு அது ஒரு நெருக்கடிச் செய்தி. தசையிலிருக்கும் புரதத்தை உடைக்கிறது, அதைக் கல்லீரல் வாங்கிச் சர்க்கரையாக்குகிறது, தசையும் கொழுப்பும் இன்சுலின் பேச்சைக் கேட்க மறுக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை மிதக்கிறது, பசி கிளம்புகிறது. சாப்பிட்டதைச் செரித்துச் சேமிக்கவே உடம்பு கொஞ்சம் சக்தியை எரிக்கும், அது சூடாகத்தான் வெளியே வரும். ராத்திரி ஒன்பதுக்குச் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றுக்கு மறுபடி சட்டியைத் திறக்கிறவருக்குப் படுக்கையில் வெக்கையாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

அதோடு தோலுக்கு ரத்தம் பாய்வதால் முகம் சிவப்பது, வியர்ப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்கின்றன. தூங்காமல் புரளுகிற உடம்பு இன்னும் காந்தும். ஆனால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 98 சொச்சம்தான் காட்டும். தோலில் உணர்கிற சூடு வேறு, உடம்பின் உள்வெப்பம் வேறு.

ஸ்டீராய்டு நிஜமாகவே உடம்பைக் கூடுதலாக எரியவைக்கிறதா என்று கேட்டால், ஆராய்ச்சிகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. சில நாள் மட்டும் அதிக அளவில் கொடுத்தபோது ஓய்விலிருக்கும் உடம்பின் எரிப்பு கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டின, சில ஆய்வுகளில் பெரிய மாற்றமே இல்லை. குளிரில் சூடு உண்டாக்குவதற்கென்றே உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. எலிகளில் ஸ்டீராய்டு அதை அடக்கிவிடுகிறது. மனிதர்களில் ஓரிரு நாள் கொடுத்தால் அது கிளம்புவதும், ஒரு வாரம் தொடர்ந்தால் அடங்குவதும் தென்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு எடை ஏறுவதன் முதல் காரணம் சாப்பாடு கூடுவதுதான். தசை கரைந்துபோவது இன்னொரு விளைவு. குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்குவதே தசைதான். அது தொடையிலும் தோளிலும் இளைத்துப்போனால் உடம்பின் அடுப்பில் பாதி போன மாதிரி. கம்பத்து வெயிலில் புழுங்குகிற அதே ஆள் வண்டிப்பெரியார் மழையில் மற்றவர்களைவிட முந்தி ஒடுங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே என் கட்சி இதுதான்: காந்துகிறது என்பதை வைத்து மருந்தைத் தேர்வு செய்யாதீர்கள். சர்க்கரை, தசை, எலும்பு, தொற்று, இந்த நாலையும் வைத்துத் தேர்வு செய்யுங்கள். காந்தல் பலருக்கு அதன்கூடவே குறையும்.

நேரத்தை மாற்றுவது

இருக்கிற வழிகளில் இதற்குச் செலவே இல்லை, பலன் கையோடு தெரியும். பிரெட்னிசோலோன் ஒரே வேளையாக எழுதப்பட்டிருந்தால் காலையில் எட்டு மணி வாக்கில், சாப்பிட்ட பிறகு போடுவதுதான் முறை. உடம்பின் சொந்தக் கார்ட்டிசால் ஏறுகிற நேரத்தோடு அது ஒத்துப்போகும், ராத்திரிக்குள் வேகம் தணிந்துவிடும்.

இங்கேதான் நம்ம ஊர்ச் சிக்கல். கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து ஏலக்காட்டுக்குப் போகிற பெண்களுக்கு ஜீப் விடியும் முன்பே வந்து நிற்கும். குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறியாக வேண்டும். அந்த நேரத்தில் வயிற்றில் ஒரு கடுங்காப்பிதான் இருக்கும். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று யாரோ சொன்னது நினைவிருக்கும். அதனால் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். எட்டு மணிக்கு 20 மி.கி. உள்ளே போகிறது, பன்னிரண்டு மணிக்கு கண் கொட்டக் கொட்ட முழிப்பு, முதுகெல்லாம் வியர்வை, பசி. அப்புறம் “மாத்திரை சூடு” என்று கடைக்கு வருகிறார்கள்.

தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போகிற சோற்றை எட்டு, ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் பிரிப்பார்கள் அல்லவா, மாத்திரையை அதோடு வைத்துக்கொள்ளலாம். நாலு மாத்திரையை வெட்டி, அட்டையோடு முந்தானையில் முடிந்துகொண்டு போகிற ஒரு அக்கா எனக்குத் தெரியும். மழையில் நனையாமலிருக்க ஷாம்பு பாக்கெட் கவரில் சுற்றியிருப்பார். அது போதும். மோர்ச்சோறோ கஞ்சியோ, எதுவானாலும் வயிற்றில் இருந்தால் சரி. டாக்டர் இரண்டு வேளையாகப் பிரித்து எழுதியிருந்தால் மட்டும் நீங்களாக ஒன்றாக்காதீர்கள், அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். இரண்டாவது வேளையை மதியத்தோடு முடிக்கலாமா என்று கேளுங்கள்.

காலை வேளையாக மாற்றினால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சர்க்கரை காலை வெறும் வயிற்றில் ஒழுங்காக இருக்கும், மதியத்துக்கு மேல் ஏறும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் காலையில் விரலில் குத்திப் பார்த்து “நார்மல்” என்று சொல்லிவிட்டுப் போனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலோ ஒருமுறை பாருங்கள். உள்ளங்கால் எரிச்சலைச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்களில், சர்க்கரை எகிறிக் கிடந்தவர்களும் உண்டு.

வேறு ஸ்டீராய்டு

5 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு 4 மி.கி. மீத்தைல் பிரெட்னிசோலோன் சமம், 6 மி.கி. டெஃப்லசகார்ட் சமம், 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் சமம், 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் சமம். சமமான அளவில் மாற்றும்போது வீக்கத்தை அடக்குவது ஒன்றுதான், உடம்பின் சர்க்கரைக் கணக்கைக் குழப்புவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆளாளுக்கு ஒத்துக்கொள்வதில் சின்ன வித்தியாசம் இருக்கும், அவ்வளவே.

டெஃப்லசகார்ட் விலை கூடுதல். தசைச்சிதைவு நோயுள்ள பையன்களுக்கு வருடக்கணக்கில் கொடுக்கும்போது எடை ஏறுவது இதில் குறைவு என்பது உண்மை. கண்புரை அதில் கூடுதலாக வருகிறது என்பதும் உண்மை. ஆறு வாரம் வீசிங்குக்குச் சாப்பிடுகிறவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மோசமான மாற்று எதுவென்றால் டெக்ஸாமெத்தசோனும், பெட்னிசோல் என்று வரும் பெட்டாமெத்தசோனும்தான். ஒரு முறை போட்டால் ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் வேலை செய்யும். ராத்திரி அடங்க வேண்டிய நேரத்திலும் அடங்காது, அட்ரீனலைத் தலைதூக்கவே விடாது. மூளை வீக்கம், கடும் ஒவ்வாமை போன்ற சமயங்களில் உயிர் காக்கிற மருந்து அது. மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் சாப்பிடுகிற மருந்து அல்ல. ஆனால் வலி, காய்ச்சல், சளி எதற்குப் போனாலும் பேப்பரில் மடித்துக் கொடுக்கப்படும் “செட் மாத்திரை”யில் ஒரு சின்ன உருண்டை இருக்குமே, அது பல நேரம் இதுதான். 0.5 மி.கி. என்ற எண்ணைப் பார்த்துச் சின்னதென்று நினைக்கிறார்கள். நாளுக்கு மூன்று போட்டால் 10 மி.கி. பிரெட்னிசோலோன் போட்ட கணக்கு. சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. விற்கிறார்கள், எங்கள் தொழில்காரர்கள்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கேரள எல்லையில் இருப்பதால் இன்னொரு வம்பும் உண்டு. கட்டப்பனையில் ஒரு டாக்டர் மெட்ரால் (அதுதான் மீத்தைல் பிரெட்னிசோலோன்) எழுதியிருப்பார், தேனியில் ஒருவர் வைசோலோன் எழுதியிருப்பார். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுவார்கள். இரண்டும் ஸ்டீராய்டு. இரண்டு சீட்டையும் ஒரே மேஜையில் விரித்துக் காட்டுங்கள்.

நோவுள்ள இடத்துக்கு மட்டும்

வீசிங்குக்கு மாத்திரையா இன்ஹேலரா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரையின் கணக்கு மில்லிகிராம், இன்ஹேலரின் கணக்கு மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 மி.கி. மாத்திரை எங்கே, இன்ஹேலரில் வரும் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 400 மைக்ரோகிராம் எங்கே? எடையில் மட்டும் பார்த்தாலே நூறில் ஒரு பங்கு. அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது சொற்பம். பசியும் காந்தலும் முக வீக்கமும் வழக்கமான அளவில் பெரும்பாலும் வருவதில்லை. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். “இழுக்க ஆரம்பிச்சா விடமுடியாது, பழகிடும்” என்று பயந்து இன்ஹேலரை ஒதுக்கிவிட்டு, அதே மருந்தின் அண்ணனை நூறு மடங்கு விழுங்குகிறவர்களைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். மூச்சு சட்டென்று முற்றிப்போகும்போது சில நாளுக்கு மாத்திரை வேண்டியிருக்கும். அந்த ஐந்தாறு நாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூட்டு ஊசி அப்படிச் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியதல்ல. ஒரு முழங்கால் மட்டும் வீங்கியிருந்தால் நல்ல வழி. பத்து விரலும் வீங்கியிருந்தால் பயனில்லை. ஊசி போட்ட மறுநாள் முகம் சிவந்து ஜிவ்வென்று காந்துவது சிலருக்கு வரும், ஓரிரு நாளில் போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நாலைந்து நாள் ஏறும், ஒரு வாரம் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வலி போய்விட்டதே என்று அதே மூட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது கூடாது. வருஷத்துக்கு மூன்று, நாலு என்பதே வழக்கமான எல்லை.

இன்னொரு மருந்தைச் சேர்ப்பது

சரவாங்கிக்கு ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்கியது 1948-இல். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுக்கையிலிருந்து எழ முடியாமலிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோரோடு ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. அதிசயம்தான். அந்த அதிசயத்தை நீளமாகத் தொடர்ந்தால் உருண்டை முகமும் நொறுங்கும் எலும்பும் வரும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. இன்றைக்கு அந்த நோய்க்கு ஸ்டீராய்டு ஒரு பாலம்தான். மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கிற வரைக்கும் வலியைத் தாங்க வைப்பது.

அந்த மெதுவான மருந்துகளில் முதலாவது மெத்தோட்ரெக்ஸேட். பலன் தெரிய ஆறு வாரம், சில நேரம் மூன்று மாதம் ஆகும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு, ஆகவே கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் கூடவே வரும். ரத்தமும் கல்லீரலும் அவ்வப்போது பார்க்க வேண்டும், குடி இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இதைவிடச் சாது, ஆனால் வருடக்கணக்கில் போனால் கண் பரிசோதனை வேண்டும். இந்த வழி அலைச்சல் பிடித்தது. தினக்கூலிக்கு மலையேறுகிறவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போய்விடும், அது எனக்குத் தெரிந்தே இருக்கிறது. இருந்தும் மூட்டு நோயோடு பத்து, இருபது வருடம் வாழப்போகிற ஒருவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 20 மி.கி. ஸ்டீராய்டு 5-க்கு இறங்குவதும், சில பேருக்கு முழுசாக நிற்பதும் இந்த வழியில்தான் நடக்கிறது.

நிறுத்திவிடுவது

மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடுதிப்பென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும். எழுப்ப நேரம் வேண்டும், அதனால்தான் டாக்டர் படிப்படியாக இறக்குவார். சட்டென்று விட்டால் உடம்பு சோர்ந்து, வாந்தி வந்து, பிரஷரும் சர்க்கரையும் இறங்கி, தலைசுற்றி விழுவார்கள். தோட்டத்து ஏற்றத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையை விட்டுவிட்டுப் பேப்பர் பொட்டலத்தில் வருகிற மூட்டுவலிப் பொடிக்குப் போகிறவர்கள் பலர். “இது இயற்கை, சூடே இல்ல” என்பார்கள். பெயர், கம்பெனி, என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் எதுவும் இல்லாத பொடியில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது புதிதல்ல. வருடக்கணக்கில் தீராத வலி இரண்டே நாளில் பறந்து, பசி பிய்த்துக்கொண்டு வந்து, ஒரு மாதத்தில் கன்னம் உப்பினால் சந்தேகப்படுங்கள். மாத்திரையிலாவது அளவு தெரியும், இதில் அதுவும் தெரியாது. அதையும் சட்டென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு டாக்டரிடம் போவதே நல்லது.

காய்ச்சல் விஷயம்

சூட்டுக்குப் பயப்படுகிற நேரத்தில் பயப்பட வேண்டிய இன்னொன்று உண்டு. ஸ்டீராய்டு காய்ச்சலை அடக்கும். கிருமி புகுந்தால் உடம்பை சூடேற்றச் சொல்லும் ரசாயனங்களையே அது கட்டிவைக்கிறது. சீழ் வைத்திருக்கும், நிமோனியா இருக்கும், தெர்மாமீட்டர் 99-ஐத் தாண்டாமலே இருக்கலாம். காந்துகிற உடம்பில் காய்ச்சல் இல்லை, காய்ச்சல் வர வேண்டிய உடம்பிலும் காய்ச்சல் இல்லை. ஆகவே மூச்சு வாங்குவது, குளிர் உதறல், சிறுநீர் எரிவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், குழப்பமாகப் பேசுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சூடு பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தினமும் 15 மி.கி.க்கு மேல் ஒரு மாதம் சாப்பிடுகிறவருக்கு உள்ளே அடங்கிக்கிடந்த டிபி எழும்பும் வாய்ப்பு கூடுகிறது. எடை இறங்குவதை வைத்து டிபியைச் சந்தேகிப்போம். இங்கே மாத்திரை எடையை ஏற்றிக்கொண்டிருப்பதால் அந்த அடையாளமும் மறைந்துபோகலாம்.

சரி, யாருக்கு எது? வீசிங் என்றால் இன்ஹேலர், தயங்க வேண்டாம். ஒரு மூட்டு என்றால் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். பல மூட்டு என்றால் மெத்தோட்ரெக்ஸேட் பேச்சை முதல் மாதத்திலேயே எடுங்கள், அதுவரை காலை வேளை பிரெட்னிசோலோன், மதியத்துக்கு மேல் சர்க்கரைப் பரிசோதனை, கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டுமா என்ற கேள்வி. சிறுநீரக நோய்க்கோ கண்ணுக்கோ சாப்பிடுகிறவர் அளவைத் தொடவே கூடாது, நேரத்தை மட்டும் கேட்டு மாற்றுங்கள்.

இதில் எந்த வழியில் போனாலும், மூன்று வாரத்தைத் தாண்டியவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிச் செல்போன் கவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து. ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மலைமேல் விழுந்தால் பீர்மேட்டிலும் படிப்பார்கள், கீழே விழுந்தால் தேனியிலும் படிப்பார்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லையென்றால் அந்தச் சீட்டைக் காட்டி “ஊசியாகப் போட வேண்டுமா?” என்று அன்றைக்கே கேட்க வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக்கூடாது.